பூய்கிம் கைக்கு மட்டும் அடித்த கரண்ட்

சியாந்தான் சந்தைக்குப் பின்னால் மூன்றாவது சந்தில் சோய் பான் என்கிற கீரைக் கொழுக்கட்டை வாங்கப் போகிறவர்களுக்குப் பூய்கிம்மின் ஈரக் கால்கள் நன்றாகத் தெரியும். அரிசி மாவு கரைப்பது, குச்சாய்க் கீரை அலசுவது, ஆவிச் சட்டியில் தண்ணீர் ஊற்றுவது என்று நாள் முழுக்கத் தண்ணீரிலேயே பிழைப்பு. செருப்புப் போட்டால் மாவுத் தண்ணீர் வழுக்கி விழுந்து இடுப்பு உடையும் என்று வெறுங்காலோடு அடுப்புக்கும் வாசலுக்கும் ஓடிக்கொண்டிருப்பாள். ஐம்பத்தொரு வயதில் என்ன சுறுசுறுப்பு என்று வாங்க வருகிறவர்கள் மெச்சினார்கள். சீனப் புதுவருஷத்துக்குப் பிறகு அந்த ஓட்டத்துக்குள் வேறொரு தவிப்பு புகுந்துகொண்டதை ஒருவரும் கவனிக்கவில்லை.

தவிப்பு மீன் தொட்டியிலிருந்து வந்தது.

கடைக்குப் பின்னால் உள்ள கூடத்தில், வாசலைப் பார்த்தபடி ஐந்தடி நீளத் தொட்டி. அதற்குள் தன்னந்தனியாக ஒரு சிவப்பு அரோவானா, எங்களுக்கு ராசி மீன். அவள் புருஷன் அசியோங் ரப்பர் ஆலையில் எடை போடுகிறவன். ஆலையில் வாயே திறக்காத மனுஷன், இந்த மீன் முன்னால் நின்றால் மணிக்கணக்கில் பேசுவான். தீனி போடுவதும் கொஞ்சுவதும் அவன் பங்கு. கண்ணாடி வழிப்பதும், அழுக்கை உறிஞ்சி எடுப்பதும், பஞ்சை அலசுவதும் பெண்டாட்டி பங்கு. எந்த வீட்டில்தான் இது வேறு மாதிரி இருக்கிறது.

ஏப்ரல் கடைசியில் அரோவானா அழகுப் போட்டி. அதற்குள் மீனுக்கு நிறம் ஏற வேண்டும் என்று தொட்டித் தண்ணீருக்குள்ளேயே ஒரு நீளக் குழல் விளக்கு முங்கிக் கிடந்தது. வெயில் பட்டால் நமக்குத் தோல் கறுக்கிறது, இந்த மீனுக்குச் செதில் சிவக்கிறது. நாளைக்குப் பதினாலு மணி நேரம் எரிய வேண்டும், ஒரு நாள் விட்டாலும் வெளிறிப்போகும் என்று அசியோங் அடித்துச் சொல்வான். அந்த விளக்கின் சுவிட்சைத் தொட வீட்டில் வேறு யாருக்கும் உரிமை கிடையாது.

தொட்டி சுத்தம் செய்வதைக் கொண்டாட்ட நாட்களில் நிறுத்தி வைத்திருந்தார்கள். புதுவருஷத்தில் எதைக் கழுவினாலும் அதிர்ஷ்டமும் சேர்ந்து கழுவிப்போகும் அல்லவா. பதினைந்தாம் நாள் முடிந்து, வாசலில் சிவப்பு விளக்குகளைக் கழற்றிய மறுநாள் பூய்கிம் பஞ்சை எடுக்கத் தண்ணீரில் கைவிட்டாள். முழங்கை வரை சுருக்கென்று ஏறியது. உதறிவிட்டு மறுபடி விட்டாள். மறுபடி ஏறியது. விரலில் கத்தி கீறியிருந்த இடத்தில் மட்டும் விட்டு விட்டுக் குத்தியது.

"ஹெர்லினா அப்பா, தொட்டித் தண்ணியில கரண்ட் வருது."

அசியோங் காப்பிக் கிளாஸைக் கீழே வைத்தான். ரப்பர் செருப்பு தரையில் சப்பு சப்பென்று அடிக்க வந்தான். காலில் உப்பு சேர்ந்துவிட்டது, தரையின் குளிர்ச்சி ஆகாது என்று புதுவருஷத்தின்போது வாங்கிய செருப்பு. வீட்டுக்குள் அதைக் கழற்றுவதே இல்லை. சட்டைக் கையை மடித்துக்கொண்டு முழங்கை வரை உள்ளே விட்டான். மீன் வந்து அவன் விரலை மோந்து பார்த்துவிட்டுப் போனது.

"எங்க வருது? எனக்கு ஒண்ணும் வரலையே."

"எனக்கு அடிச்சுதே."

"விடிஞ்சா மாவு கிளறுற கை. நரம்பு இழுத்திருக்கும். தைலம் தேய்ச்சுக்கோ."

அவள் விடவில்லை. அவனும் டெஸ்டரை எடுத்து வந்து நுனியைத் தண்ணீரில் வைத்துக் காட்டினான். பட்டப்பகல், பக்கத்திலேயே அந்தப் பெரிய விளக்கு. டெஸ்டருக்குள் இருக்கும் கடுகளவு பல்பு எரிந்ததா இல்லையா என்று யார் கண்டது. எரியவில்லை என்றான் அவன். பேச்சு முடிந்தது.

வேறு யாரையாவது கூப்பிட்டுக் கைவைத்துப் பார்க்கச் சொல்லலாம் என்றால் அதற்கும் வழியில்லை. அரோவானா தொட்டியில் அந்நியர் கை படக்கூடாது. பட்டால் வீட்டு ராசி அவர்களோடு போய்விடும். பக்கத்து வீட்டுக்காரி, கீரை கொண்டு வருகிறவள், எல்லோரும் வந்து கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு, "மீன் நல்லாத்தானே இருக்கு" என்று போனார்கள். ஊரிலேயே அந்தத் தண்ணீரைத் தொடக்கூடியவர்கள் இரண்டே பேர். ஒருவனுக்கு அடிக்கவில்லை. அப்படியானால் இன்னொருத்திக்குப் பைத்தியம். கணக்கு சரியாகத்தானே இருக்கிறது.

போன வருஷம் வரை ஆற்றோரத்தில் மர வீட்டில் இருந்தார்கள். இதே தொட்டி, இதே விளக்கு. அங்கே பலகைத் தரையில் நின்றுகொண்டு எத்தனை தடவை கைவிட்டிருப்பாள், ஒரு தடவைகூட அடித்ததில்லை. இந்தச் சிமெண்டு வீட்டுக்கு வந்து, பளபளவென்று டைல்ஸ் போட்ட பிறகுதான் இப்படி. அதைச் சொன்னதற்கும் அசியோங் சிரித்தான்.

"வீடு மாறினதும் உனக்குச் சொகுசு வந்திருச்சு. மர வீட்டுல எலி கடிச்சாக்கூட வாயைத் திறக்க மாட்டே."

இத்தோடு போயிருந்தால் கையுறை ஒன்றை வாங்கி மாட்டிக்கொண்டு வேலையைப் பார்த்திருப்பாள். எத்தனையோ விஷயத்தை அப்படித்தான் விழுங்கியிருக்கிறாள். ஆனால் மார்ச் நடுவில் ஜகார்த்தாவிலிருந்து மகள் ஹெர்லினா போன் செய்தாள். முன்னோர் கல்லறை வழிபாட்டுக்கு வருகிறாளாம், குழந்தையையும் கூட்டிக்கொண்டு. ஆலினுக்கு இரண்டு வயது ஆகப்போகிறது. போன் திரையில் மீனைக் காட்டினால் திரையையே அறைவாள், நக்குவாள். நடக்கத் தெரிந்த நாளிலிருந்து காலில் ஒன்றும் போட விடுவதில்லை என்று ஹெர்லினா பெருமையாகச் சொன்னாள்.

அன்றிலிருந்து பூய்கிம்முக்குச் சோறு இறங்கவில்லை. இன்னும் பதினெட்டு நாள். சோய் பான் மடிக்கும்போது கண் கூடத்துக்குப் போய்விடும். அந்தக் குட்டிக் கை, எச்சில் கை, தொட்டி விளிம்பு அவள் உயரத்துக்கு எட்டுமா, ஸ்டூலில் ஏறினால் எட்டுமே. ஸ்டூலைத் தூக்கி மாடியில் வைத்தாள். அரை மணி கழித்துப் போய் அது அங்கேயே இருக்கிறதா என்று பார்த்தாள். வாங்க வந்தவருக்குப் பத்துக்குப் பதினைந்து கட்டிக் கொடுத்தாள். ஒருநாள் பொறுக்கமாட்டாமல் தொட்டியின் பிளக்குகளை எல்லாம் கொத்தாகப் பிடுங்கிப் போட்டுவிட்டாள். ஆலையிலிருந்து வந்த அசியோங் தெருவே கேட்கும்படி கத்தினான். பத்து நாளில் போட்டியை வைத்துக்கொண்டு இப்படிச் செய்வதற்கு மீனைச் சட்டியில் போட்டு வறுத்துவிடலாமே என்றான். போட்டிக்கு அப்போது ஒரு மாதத்துக்கு மேல் இருந்தது.

அன்று மாலை அகுன் வந்தான். மீன் தீனிக் கடை வைத்திருப்பவன், அசியோங்கின் போட்டிக் கூட்டாளி. அசியோங் அவனுக்கு "அஹியா", அதாவது அண்ணன். அதனால் பூய்கிம் "அசோ", அண்ணி.

"அசோவுக்கு மனசு ஆறணும், அவ்வளவுதானே. ஒரு எர்த் கொடுத்திருவோம் அஹியா. தண்ணியில என்ன இருந்தாலும் மண்ணுக்குப் போயிரும்."

சமையலறையிலிருந்து எவர்சில்வர் முட்கரண்டி ஒன்றை எடுத்தான். அதன் கழுத்தில் கம்பியைச் சுற்றி, அதைத் தொட்டியின் ஒரு மூலையில் தொங்கவிட்டான். கம்பியின் மறுமுனையை ஜன்னல் வழியாக வெளியே கொண்டுபோய், கொல்லைச் சகதியில் அடித்த இரும்புக் குழாயில் கட்டினான். எங்கள் ஊர் மண் கறுத்த சேறு, ஒரு முழம் தோண்டினால் தண்ணீர். குழாய் கையால் அமுக்கியதற்கே இறங்கியது.

"இப்போ வைங்க அசோ கையை."

வைத்தாள். ஒன்றுமில்லை. கீறல் விரலைத் தேய்த்துப் பார்த்தாள். ஒன்றுமே இல்லை.

"பார்த்தியா" என்றான் அசியோங். "முள்கரண்டி போட்டதும் உன் நரம்பு சரியாயிடுச்சு."

இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். பூய்கிம்மும் சிரித்து வைத்தாள். அடி நின்றதில் நிம்மதி வரத்தான் வேண்டும், வரவில்லை. இருந்ததுதானே போக முடியும், அப்படியென்றால் இருந்தது என்று இந்த இரண்டு பேரில் ஒருவர்கூடச் சொல்லவில்லையே என்று அவளுக்கு உள்ளே அரித்தது.

மூன்றாம் நாளிலிருந்து மீன் ஒரு மாதிரி ஆனது. எப்போதும் தண்ணீரின் மேல்பரப்பில் ராஜா மாதிரி உலாத்துகிற மீன் விளக்குக்கும் முட்கரண்டிக்கும் நடுவே வர மறுத்தது. வேறு மூலையில் தலையைக் கவிழ்த்து நின்றது. திடீரென்று உடம்பை வெட்டி இழுத்துக்கொண்டு பாய்ந்து மூடியில் மோதியது. மூடிமேல் செங்கல் வைத்தார்கள். தீனியைத் துப்பியது. ஐந்தாம் நாள் வாய் ஓரத்தில் ரத்தம்.

அசியோங் முதலில் பயந்துதான் போனான். கோயிலுக்குப் போய் ஊதுபத்தி கொளுத்தி, குறிச்சீட்டு எடுத்துப் பார்த்து, முகம் தெளிந்து வந்தான்.

"அது நம்ம பீடையை வாங்கிக்குதாம். இந்த வீட்டுக்கு ஏதோ ஒண்ணு வரவேண்டியிருந்துச்சு. மீன் குறுக்க நின்னு தன்மேல ஏத்துக்கிட்டு இருக்கு. எங்க பெரியப்பா வீட்டு மீனும் இப்படித்தான் துள்ளிச்சு. அது செத்த வாரம் அவர் லாரி கவுந்துச்சு, அவருக்கு ஒரு கீறல் இல்ல."

பூய்கிம்முக்கும் அந்த நம்பிக்கை உண்டு. எங்களில் இல்லாதவர் யார். ஆனால் கும்பிடக் கை கூப்பும்போதே மனம் வேறெங்கோ ஓடியது. வீட்டுக்கு என்ன வரவேண்டியிருந்தது? ஆலினுக்கா?

அன்று மத்தியானம் கரண்ட் போனது. எங்கள் பக்கத்தில் அது ஒரு செய்தியே இல்லை. விசிறி நின்றது, தொட்டி இருண்டது, அவள் முறத்தை எடுத்து விசிறிக்கொண்டே கூடத்தில் வந்து நின்றாள். ஐந்து நிமிஷம் ஆகியிருக்காது. மீன் மூலையிலிருந்து வெளியே வந்தது. மெதுவாக மேலே ஏறி, முழு நீளத்துக்கும் ஒரு சுற்று வந்தது. முட்கரண்டியை உரசிக்கொண்டே போய்த் திரும்பியது. இரண்டாவது சுற்று. சில நாளாகப் பார்க்காத பழைய நடை. பூய்கிம் முறத்தைக் கீழே போடாமல் நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள்.

ஒரு மணி நேரத்தில் கரண்ட் வந்தது. விளக்கு பளிச்சென்றது. மீன் சவுக்கடி பட்டதுபோல் துள்ளி மூலைக்குள் சுருண்டது.

அப்போதுதான் அவளுக்கு எல்லாம் சேர்ந்து விளங்கியது. அந்தக் கம்பி கரண்டை நிறுத்தவில்லை. வழி போட்டுக் கொடுத்திருக்கிறது. முன்பு தண்ணீரில் போக இடமில்லாமல் நின்றது, ஈரக் காலோடு அவள் கைவிட்டால் அவள் வழியாகத் தரைக்குப் போனது. இப்போது நாள் முழுக்கத் தண்ணீருக்குள் ஓடி, முட்கரண்டி வழியாகச் சேற்றுக்குப் போகிறது. நடுவில் மீன். கோயில் சீட்டு சொன்னது சரிதான், தன்மேல்தான் ஏற்றுக்கொண்டிருக்கிறது. அவள் மேல் விழுந்த அடியை.

பாவம் என்று வாய்விட்டுச் சொன்னாள். அந்த மீன் மேல் அவளுக்குப் பிரியம் வந்தது அன்றுதான்.

அசியோங் வர இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. கடையை இழுத்துச் சாத்தினாள். டெஸ்டரைத் தேடி எடுத்தாள். முட்கரண்டியை வெளியே எடுத்து வைத்துவிட்டு, ஒரு போர்வையைத் தொட்டிக்கும் தன் தலைக்கும் சேர்த்துப் போட்டுக்கொண்டாள், வெளிச்சம் மறைய. விளக்குப் பக்கம் அட்டையைச் சாய்த்தாள். டெஸ்டர் நுனியைத் தண்ணீரில் வைத்து, தலையில் விரலை அழுத்தினாள். கடுகளவு பல்பு நன்றாகவே சிவந்து எரிந்தது. ஏழு வாரமாக இல்லை இல்லை என்று சொல்லப்பட்ட ஒன்று கண்ணெதிரே எரிகிறது. அழுகை வந்தது, துடைத்துக்கொண்டாள்.

தொட்டிக்கு நாலு சாமான் ஓடியது: தண்ணீர் சுத்தம் செய்யும் மோட்டார், காற்று மோட்டார், ஹீட்டர், விளக்கு. முதலில் சுத்த மோட்டாரின் பிளக்கைப் பிடுங்கினாள், பார்த்தாள். எரிகிறது. காற்று மோட்டார், எரிகிறது. ஹீட்டர், எரிகிறது. விளக்கின் சுவிட்சை இதுவரை தொட்டதில்லை, தொட்டாள், அணைத்தாள். தொட்டி இருண்டது. டெஸ்டர் அப்போதும் எரிந்தது.

பூய்கிம் திகைத்துப்போனாள். நாலும் ஓடவில்லை, பிறகும் எரிகிறதென்றால் சுவரிலிருந்தா வருகிறது, தரையிலிருந்தா? தனக்குத்தான் ஏதோ கோளாறா என்று ஒரு நிமிஷம் உண்மையாகவே சந்தேகப்பட்டாள். கூடத்துக்கும் அடுப்புக்கும் இரண்டு தடவை நடந்தாள். அடுப்பு அணைந்துதான் இருந்தது. திரும்பி வந்து தரையில் குந்தி ஒவ்வொரு ஒயராகத் தடவிக்கொண்டே போனபோது கையில் விளக்கின் பிளக் பட்டது. மற்ற மூன்றும் தரையில் கிடக்கின்றன. இது மட்டும் இன்னும் மாட்டியிருக்கிறது. சுவிட்சைத்தானே அணைத்தாள், பிளக்கைப் பிடுங்கவில்லையே. சுவிட்ச் ஒரு ஒயரைத்தான் துண்டிக்கும். கரண்ட் வருவது அடுத்த ஒயரில் என்றால் அது அணைந்த விளக்குக்குள்ளும் வந்து நின்றுகொண்டுதான் இருக்கும்.

பிடுங்கினாள். போர்வைக்குள் போய் டெஸ்டரை வைத்தாள். இருட்டு.

விளக்கை வெளியே எடுத்துத் துடைத்துப் பார்த்தாள். ஒயர் உள்ளே நுழைகிற முனையில் மூடி விரிந்திருந்தது. விரிசலை எதையோ ஊற்றி அடைத்திருந்தார்கள், அதுவும் ஓரத்தில் பிளந்துவிட்டது. நகத்தால் சுரண்டினாள். மெழுகு. சிவப்பு மெழுகு. அந்தச் சிவப்பு மெழுகுவர்த்தி அந்த வீட்டில் ஒரே இடத்தில்தான் எரிகிறது, சாமி மேடையில்.

அசியோங் வந்தபோது விளக்கு மேஜைமேல் கிடந்தது. அவன் முதலில் தொட்டியைப் பார்த்தான், பிறகு மேஜையை, பிறகு அவளை. கத்த வாய் திறந்தவன் மெழுகைப் பார்த்து மூடிக்கொண்டான்.

"எப்போ?" என்றாள்.

"புதுவருஷத்துக்கு வீடு கழுவினப்போ கைதவறி விழுந்துச்சு. இந்த விளக்கு ஜகார்த்தாவுல இருந்து வரணும், பூய்கிம். போட்டிக்குள்ள வராது."

"உனக்கும் அடிச்சுதா?"

அசியோங் பிளந்த மெழுகைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தான்.

"உன்னைத்தான் கேக்கறேன். உனக்கு அடிச்சுதா?"

"புதுவருஷம் பத்தாம் நாள்" என்றான் மெதுவாக. "லேசா."

அவள் பார்வை தானாகக் கீழே இறங்கியது, அவன் காலுக்கு. எந்த டாக்டரிடம் போனான், என்றைக்குப் போனான், மாத்திரை ஏதாவது தின்றானா? அவளும் கேட்கவில்லையே. அடி விழுந்த அன்றைக்கே கடைக்குப் போய்த் தன் காலுக்கு ரப்பர் வாங்கிப் போட்டுக்கொண்டு, ஈரக் காலோடு நிற்கிற பெண்டாட்டியிடம் தைலம் தேய்த்துக்கொள் என்று சொல்லியிருக்கிறான். முப்பது வருஷம் கூட வாழ்ந்த மனுஷன்.

"சொன்னா விளக்கை எடுக்கச் சொல்லுவே" என்றான். "இன்னும் ஒரே மாசம்தான். அது வரைக்கும் தண்ணி வேலையை நான் பாத்துக்கறேன். நீ கையே வைக்க வேணாம்."

"ஆலின்?"

"அவளை நான் கிட்ட விடமாட்டேன்."

பூய்கிம் உள்ளே போய்க் குச்சாய் நறுக்குகிற கத்தரிக்கோலைக் கொண்டுவந்தாள். ஒயரை விளக்குக்கு ஒட்டி ஒரு வெட்டு, பிளக்குக்கு ஒட்டி ஒரு வெட்டு. நடுத் துண்டைச் சுருட்டிக் குப்பைக் கூடையில் போட்டாள். அவன் தடுக்கவில்லை. இரண்டு பேரும் நாலு நாள் பேசிக்கொள்ளவில்லை. மீன் இரண்டாம் நாளே தீனி தின்றது. நிறம் கொஞ்சம் இறங்கியது என்று அகுன் வந்து வருத்தப்பட்டுவிட்டுப் போனான்.

வழிபாட்டுக்கு முந்தின நாள் ஹெர்லினா வந்தாள். பெட்டியைக் கூட இறக்கவில்லை, ஆலின் அவள் இடுப்பிலிருந்து நழுவி நேராகத் தொட்டிக்கு ஓடினாள். நாற்காலியைப் பிடித்து ஏறி, மூடியின் இடுக்கில் கையை நுழைத்துவிட்டாள். விளக்கு இல்லை, டெஸ்டர் வைத்துத் தினமும் மூன்று வேளை பார்த்தாயிற்று, எல்லாம் பூய்கிம்முக்குத் தெரியும். தெரிந்து என்ன. ஆவிச் சட்டியை அப்படியே விட்டு ஓடிப்போய்ப் பிள்ளையைப் பிடுங்கி இழுத்தாள். ஆலின் வீறிட்டு அழுதாள்.

"என்னம்மா நீ" என்றாள் ஹெர்லினா. "அப்பா போன்ல சொன்னது சரியாத்தான் இருக்கு. தண்ணியில கரண்ட் வருது, கரண்ட் வருதுன்னு நீயா எதையோ நெனச்சு நடுங்கிட்டு இருக்கேன்னு சொன்னாரு. ஜகார்த்தாவுக்கு வா, ஒரு டாக்டரைப் பார்ப்போம்."

மகளிடமும் சொல்லியிருக்கிறான். பூய்கிம் திரும்பினாள். அசியோங் மாடிப்படி அருகே நின்றிருந்தான். அவள் சண்டை போடவில்லை. அழுகிற குழந்தையைக் கொண்டுபோய் அவன் கையில் கொடுத்தாள்.

"அவளுக்கு மீனைத் தொடணுமாம். உன் கையால அவ கையைத் தண்ணிக்குள்ள விடு."

அசியோங் தொட்டியருகே போனான். குழந்தை அழுகையை நிறுத்திவிட்டுக் கையை நீட்டியது. அவன் அந்தக் கையைப் பிடித்தான், பிடித்தபடியே நின்றான். விளக்கு வெட்டுப்பட்டதை அவன் கண்ணால் பார்த்தவன். ஆனாலும் அவன் கை அசையவில்லை.

"அப்பா?" என்றாள் ஹெர்லினா.

"உங்கம்மா எதையும் நெனச்சுக்கல" என்றான் அவன். "கரண்ட் அடிச்சுது. எனக்கு மொதல்லயே தெரியும். தெரிஞ்சுதான் சும்மா இருந்தேன்."

அசியோங் குழந்தையை இடது தோளில் சாய்த்துக்கொண்டு குனிந்து, மோட்டார், ஹீட்டர், காற்று மோட்டார் என்று ஒவ்வொரு பிளக்காகப் பிடுங்கினான். பிடுங்கியதை எண்ணினான். மறுபடியும் எண்ணினான். தண்ணீரின் சலசலப்பு நின்று கூடம் அமைதியானது. பிறகு தன் கையை முதலில் விட்டுப் பார்த்தான், எடுத்தான், இன்னொரு தரம் விட்டான்.

ஆலின் "தாத்தா, மீனு, மீனு" என்று அவன் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். அவனுக்கு இன்னும் தைரியம் வரவில்லை. பூய்கிம் உதவிக்குப் போகவில்லை. ஆவிச் சட்டியில் தண்ணீர் வற்றியிருக்கும் என்று அடுப்படிக்குப் போனாள்.